காய்ச்சலோடு ஒரு கர்ப்பிணி: ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதா, மாத்திரையைத் தொடங்குவதா?

ஏழாம் மாதம். நேற்று மாலை தொண்டையில் கரகரப்பு, ராத்திரி 102 டிகிரி காய்ச்சல், விடிந்ததும் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "மிளகு ரசம் வைத்துக் கொடு, ரெண்டு நாளில் தானே போய்விடும்" என்பார் மாமியார். "இந்த நேரத்தில் மாத்திரையே கூடாது" என்பார் அம்மா. கணவர் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் வாங்கி வந்திருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் மூன்று வழிகள் சொல்வார்கள்: டெஸ்ட் எடுத்துவிட்டு ரிசல்ட்டைப் பார்க்கலாம், இன்றைக்கே மருந்து தொடங்கலாம், அட்மிஷன் போட்டுவிடலாம்.

இவற்றில் எது எப்போது சரி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்வது இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ. கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் சுவாச வைரஸ்களில் கொரோனா, ஆர்.எஸ்.வி. என்று வேறு சிலவும் உண்டு. ஆனால் கர்ப்பிணிகளை வைத்தே பல வருடங்களாக ஆராய்ந்து பார்த்தது ஃப்ளூவைத்தான். அதற்கான மாத்திரையும் தடுப்பூசியும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. அதனால் இங்கே முடிவெடுக்க ஏதாவது ஆதாரம் கையில் இருக்கிறது.

2009-ல் எச்1என்1 பரவியபோது (பன்றிக்காய்ச்சல் என்றோமே, அதுதான்) அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 1 சதவீதம் அளவுதான் இருந்தார்கள். அந்த நோயில் அங்கே முதல் சில மாதங்களில் இறந்ததாகப் பதிவானவர்களில் அவர்கள் 5 சதவீதம். 1918 பெருந்தொற்றின்போது அதே நாட்டில் கணக்கெடுத்த 1,350 கர்ப்பிணிகளில் 27 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். காரணம் பெரும்பாலும் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. கர்ப்பப்பை வளர வளர உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசைத்திரை) 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளப்படுகிறது. மூச்சை வெளியே விட்டபிறகு நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் ஆக்சிஜன் தேவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி: நல்ல நாளில் ஓடிவிடும், ஒரு நிமோனியா வந்தால் தாக்குப்பிடிக்காது.

காத்திருப்பதும் தொடங்குவதும்

முக்கியமான முடிவு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

காத்திருக்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காய்ச்சலும் இருமலும் வந்த எல்லோருக்கும் ஃப்ளூ இல்லை. தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகம் தலைகாட்டுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். டெங்குவும் அதே மாதங்களில்தான் வரும். எதென்று தெரியாமல் மருந்து கொடுப்பானேன், வயிற்றில் குழந்தை வேறு இருக்கிறதே என்று தோன்றுவது இயல்பு. தொண்டை, மூக்கில் எடுத்த மாதிரியைப் பி.சி.ஆர். செய்தால் ஃப்ளூவா இல்லையா என்று பெரும்பாலும் தெளிவாகவே சொல்லிவிடும்.

ஆனால் அந்தத் தெளிவு வந்துசேர நேரமாகும். பெரிய ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்தில் கிடைக்கலாம். சின்ன ஊரில் மாதிரியை வெளியே அனுப்பி ரிசல்ட் வர ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். சனிக்கிழமை மாலை என்றால் கேட்கவே வேண்டாம். சரி, உடனே முடிவு சொல்லும் ரேப்பிட் கிட் இருக்கிறதே என்று கேட்கலாம். 2009-ல் கலிஃபோர்னியாவில் எச்1என்1 வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகளையும் மற்ற இளம்பெண்களையும் பற்றிய ஆய்வில், அந்த ரேப்பிட் டெஸ்ட் செய்துகொண்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு அது 'இல்லை' என்று தவறாகச் சொல்லியிருந்தது. அதன் பிறகு கிட்டுகள் மேம்பட்டிருக்கின்றன என்பது உண்மை. என்றாலும் ரேப்பிட் டெஸ்டில் 'நெகட்டிவ்' வந்ததை நம்பி ஒரு கர்ப்பிணியை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது சரியாகப் படவில்லை.

இப்போது மறுபக்கம். ஒசெல்டாமிவிர் (டாமிஃப்ளூ, ஃப்ளுவிர் போன்ற பெயர்களில் வருவது) வைரஸ் ஒரு செல்லிலிருந்து கழன்று அடுத்த செல்லுக்குப் போவதைத் தடுக்கும் மருந்து. ஏற்கெனவே பரவிவிட்ட வைரஸை அது ஒன்றும் செய்யாது. எனவே முதல் 48 மணி நேரம்தான் அதற்கு நல்ல நேரம். 2009 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் எச்1என்1 வந்ததாகப் பதிவான 788 கர்ப்பிணிகளின் கணக்கைப் பாருங்கள். அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் 9.4 சதவீதம். நான்கு நாள் கழித்துத் தொடங்கியவர்களில் 56.9 சதவீதம். மொத்தம் 30 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு நாளுக்குள் மருந்து கிடைத்தவர் ஒரே ஒருவர்.

இது ஆளைப் பிரித்து, சீட்டுப் போட்டு நடத்திய சோதனை இல்லை. தாமதமாக வந்தவர்கள் வேறு காரணங்களாலும் மோசமாகியிருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அலட்சியம் செய்ய முடியாது.

குழந்தைக்கு என்ன ஆகும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்தைக் கர்ப்பகாலத்தில் எடுத்துக்கொண்ட ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறவிக் குறைபாடோ, எடைக் குறைவோ, குறைப்பிரசவமோ கூடவில்லை. மாறாக, முதல் மூன்று மாதங்களில் இறங்காத கடுங்காய்ச்சலுக்கும் குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாட்டுக்கும் (மூளை, தண்டுவடம் சரியாக உருவாகாத பிறவிக் குறை) தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. மருந்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், காய்ச்சலை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த விஷயத்தில் நம் அரசு விதியே தெளிவாக இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் எச்1என்1 காலத்தில் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. ஏ என்றால் லேசான காய்ச்சல், இருமல். மருந்தும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம். சி என்றால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பூத்தல்; உடனே அட்மிஷன், டெஸ்ட், மருந்து மூன்றும். ஏ பிரிவில் சொன்ன அதே லேசான அறிகுறிகள் ஒரு கர்ப்பிணிக்கு இருந்தால் அவர் ஏ-யில் சேரமாட்டார், பி-யில் சேர்வார். பி பிரிவுக்கு டெஸ்ட் தேவையில்லை, ஒசெல்டாமிவிர் தொடங்கலாம். பல ஓ.பி.க்களில் இதை மறந்துவிட்டு "மூணு நாள் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நீங்களே கேட்டுவிடலாம்: "டாக்டர், கர்ப்பிணி என்பதால் ஃப்ளூ மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டாமா?"

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே முதல் மாத்திரையைக் கொடுப்பது. பி.சி.ஆரில் ஃப்ளூ இல்லையென்று வந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். நஷ்டம் சில மாத்திரைகள், கொஞ்சம் குமட்டல். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே படுத்திருக்கும் கர்ப்பிணிக்கு இதுதான் சரியான வழி என்பேன். அங்கே டெஸ்டும் அவசியம்: யாரைத் தனியே வைப்பது, ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்துவது என்றெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, இஸ்ரேல், அமெரிக்கா நான்கிலும் 2010 முதல் 2016 வரை சுவாச நோயோ காய்ச்சலோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 19,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஓர் ஆய்வு பார்த்தது. அவர்களில் ஃப்ளூ டெஸ்ட் செய்யப்பட்டது வெறும் 6 சதவீதம் பேருக்கு. செய்தவர்களில் பாதிக்கு மேல் ஃப்ளூ இருந்தது. வசதியான நாடுகளிலேயே இந்த லட்சணம்.

நோய் தொடங்கி நான்கு நாள் ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று விட்டுவிடவும் கூடாது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய் இருந்தால் தாமதமானாலும் கொடுக்கத்தான் சொல்கிறார்கள்.

எந்த மருந்து?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஒசெல்டாமிவிர் 75 மி.கி., காலையும் இரவும், ஐந்து நாள். கர்ப்பிணிக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் குறைப்பார். உறிஞ்சி எடுக்கும் ஜனாமிவிர் ஆஸ்துமா உள்ளவருக்கு ஒத்துவராது. ஒரே வேளை மருந்தாக வந்த பலோக்சாவிர் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அனுபவம் அதிகம் சேர்ந்திருப்பது பழைய மாத்திரையில்தான். ஒரு காலத்தில் இந்தியாவில் இதை எல்லாக் கடையிலும் வாங்க முடியாது. 2017-ல் விதியைத் தளர்த்தியபிறகு சீட்டு இருந்தால் சாதாரண மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம்: 20 வாரத்துக்குமேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவுக்கும் வழிவிடும். கணவர் வாங்கி வந்த அந்த ஆன்டிபயாடிக்? வைரஸை அது தொடக்கூட முடியாது. நிமோனியா சந்தேகம் இருந்து டாக்டர் எழுதினால் வேறு விஷயம். மிளகு ரசம் தாராளமாகக் குடிக்கலாம், மாத்திரையோடு.

வீடா, வார்டா?

மருந்து தொடங்கிவிட்டால் எல்லோரும் அட்மிட் ஆகவேண்டிய அவசியமில்லை. ஆஸ்பத்திரியில் படுப்பதிலும் சங்கடம் உண்டு. பிரசவ வார்டு நிறைய கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் இருக்கும் இடம். இருமும் ஒருவரை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது மற்றவர்களுக்கு ஆபத்து. தனி அறை இல்லாத ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் அப்படி நடக்கிறது. குறைந்தது முகக்கவசமும், ஓரத்துக் கட்டிலும், திறந்த ஜன்னலும் கேட்டு வாங்கலாம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் மூன்று வேண்டும்: பல்ஸ் ஆக்சிமீட்டர், கூட இருந்து கவனிக்க ஓர் ஆள், நினைத்த நேரம் போய்ச்சேர வண்டி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நான் வார்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். வீடு தூரமான மலைக்கிராமம் என்றாலோ, சர்க்கரையோ ஆஸ்துமாவோ இதய நோயோ கூட இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

ஆக்சிமீட்டரில் ஒரு விஷயம். மற்றவர்களுக்கு 94-க்குக் கீழே போனால் பயப்படச் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்துதான். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறுவது, தலை சுற்றுவது, சிறுநீர் குறைவது: இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபிறகு குடும்பம் தயங்கும் இன்னொரு இடம் நெஞ்சு எக்ஸ்ரே. "குழந்தைக்கு ஆகாதே" என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போகும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேயைத் தாண்டாது. 50 மில்லிகிரேக்குக் கீழே கருவுக்குப் பாதிப்பு கண்டதில்லை. நிமோனியாவைப் பார்க்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை.

டாக்டர்களும் தடுமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. கர்ப்பிணி இயல்பாகவே சற்று வேகமாக மூச்சுவிடுபவர். அதனால் அவர் ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு 30 அளவில்தான் இருக்கும். ரத்தவாயு ரிப்போர்ட்டில் 40 என்று வந்தால், மற்றவர்களுக்கு அது நார்மல். மூச்சுத்திணறும் கர்ப்பிணிக்கு அது அவர் களைத்துப்போய்விட்டார் என்பதற்கான எச்சரிக்கை. ஐ.சி.யூ. வசதியும் பிரசவ வசதியும் ஒரே கட்டிடத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதென்றால் அதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும்.

குழந்தையை எடுத்துவிடலாமா?

தாய்க்கு மூச்சு முட்டும்போது உறவினர்கள் முதலில் கேட்பது இது. எடுத்தால் தாய்க்கு லேசாகிவிடும் என்று தோன்றும். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஃப்ளூ வந்திருக்கிறது என்பது மட்டுமே குழந்தையை முன்கூட்டி எடுக்கக் காரணமாகாது. நோயின் உச்சத்தில் சிசேரியன் செய்வது தாய்க்கே இன்னொரு பாரம், குறைமாதக் குழந்தைக்கு அதன் கஷ்டம் தனி. 26 வாரத்தில் ஒரு முடிவு, 36 வாரத்தில் வேறு முடிவு. வென்டிலேட்டரில் வைத்தும் ஆக்சிஜன் ஏறவில்லை, குழந்தையும் பிழைக்கும் வயதை எட்டிவிட்டது என்ற நிலையில் மகப்பேறு, ஐ.சி.யூ., குழந்தை டாக்டர்கள் மூவரும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு அது. வெளியே நிற்பவர்கள் அவசரப்படுத்தாமல் இருப்பது நல்லது.

பிறந்தபிறகு தாயும் சேயும் ஒரே அறையிலா? 2009-ல் அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டையும் சில நாள் பிரித்துவைக்கச் சொன்னது: தாய் 48 மணி நேரம் மருந்து எடுத்திருக்க வேண்டும், காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், இருமலைக் கட்டுப்படுத்த முடிய வேண்டும் என்றது. ஆளும் அறையும் உள்ள இடத்தில் அது நடக்கும். நம் ஊர் வார்டில் குழந்தையைப் பிரித்தால் அதை யார் கையில் கொடுப்பது? இருமும் பாட்டி கையிலா? அதைவிடத் தாய் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பால் கொடுப்பதும், மற்ற நேரம் குழந்தையை ஆறடி தள்ளிப் படுக்கவைத்து வேறொருவர் பார்த்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்துவரும். பால் வழியாக ஃப்ளூ பரவுவதாகத் தெரியவில்லை. தாய் ஐ.சி.யூ.வில் இருந்தால் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். ஒசெல்டாமிவிர் எடுக்கும்போதும் பால் கொடுக்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஓர் ஊசி

தடுப்பூசி போட்டவருக்கு ஃப்ளூவே வராது என்று யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன நான்கு நாட்டு ஆய்வில், தடுப்பூசி போட்ட கர்ப்பிணிகள் ஃப்ளூவால் ஆஸ்பத்திரியில் சேர்வது சராசரியாக 40 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் எச்.ஐ.வி. இல்லாத தாய்மாருக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் ஃப்ளூ ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வங்கதேசத்தில் 2008-ல் வெளியான சோதனையில், ஆறு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, டெஸ்டில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. நேபாளத்தில் பலன் இதைவிடக் குறைவு, 30 சதவீதம்தான். வருடத்துக்கு வருடம் வைரஸ் மாறுவதால் இப்படி ஏற்ற இறக்கம் இருக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட அனுமதி இல்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்பு சக்திதான் அதற்கு உள்ள பாதுகாப்பு. மாத்திரையால் இதைச் செய்ய முடியாது. ஊசியா, வந்தபிறகு மாத்திரையா என்று கேட்டால் ஊசி முந்துவது இதனால்தான். ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை தொடங்கத்தான் வேண்டும், அது வேறு.

குறை ஒன்று இருக்கிறது. டி.டி. ஊசி மாதிரி இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் கைக்காசு கொடுத்துத்தான் போடவேண்டியிருக்கிறது. விலை ஒரு நாள் ஐ.சி.யூ. வாடகையைவிடக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஐ.சி.யூ. வரும் என்று யாரும் பட்ஜெட் போடுவதில்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு தனியாரிடம் போகலாம். கேட்கும்போது 'இன்ஆக்டிவேட்டட்' வகையா, அதாவது செயலிழந்த வைரஸில் செய்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மூக்கில் விடும் உயிருள்ள வைரஸ் மருந்து கர்ப்பிணிக்குக் கூடாது.

எந்த மாதத்தில் போடுவது? உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்து, கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் போடலாம் என்றது. எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். வட இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்துக்குப் போகிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் அது அக்டோபர், நவம்பருக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கப்போகிறவர் செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. வளைகாப்பு ஐப்பசியில் வைத்திருந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டுவிடுங்கள். நலங்கு வைக்க வரும் நூறு பேரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும் சித்தி ஒருவராவது இருப்பார், அவரை வாசலிலேயே நிறுத்தும் தைரியம் எந்த வீட்டிலும் கிடையாது.